கொஞ்சம் சத்தமாப் படிம்மா

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்க இடம் வைக்கக் கூடாது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் நான் ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பைண்டிங், ஆதார் திருத்தம், கல்யாணப் பத்திரிகை, எல்லாம் உண்டு. ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். ஆள் வராத நேரம்தான் ஜாஸ்தி. இன்று வியாழக்கிழமை, சாயங்காலம் லிடியா உள்ளே வந்து தோள்பையை என் மேஜைமேல் போட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அண்ணா, இன்னிக்கு நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன். இல்ல, நல்லது பண்ணிட்டனோ இன்னாவோ. தெரியல" என்றாள். இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு எந்த எழுத்தாளன் சும்மா இருப்பான்?

லிடியா தியாகதுருகத்துப் பெண். தகவல் தொடர்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஆய்வுத் தாள்களை அச்செடுக்க என் கடைக்குத்தான் வருவாள். நடந்ததை முழுக்கச் சொல்லி முடித்ததும், "இதக் கதையா எழுதட்டுமா?" என்று கேட்டேன். பைக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஒப்புதல் படிவம். அவள் பேட்டி எடுக்கிறவர்களுக்குக் கொடுப்பது. பெயர்களை மாற்ற வேண்டும். எழுத எழுத அவளிடம் காட்ட வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், அவள் இந்தக் கதையிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

"கதாநாயகியே பாதியில எழுந்து போய்ட்டா நான் இன்னா பண்றது?"

"அது உங்க பாடு அண்ணா. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். ஆகவே லிடியா என்பது அவள் பெயர் இல்லை. கீழே சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டே அவள் சொன்னவை. வளைந்த அடைப்புக்குள் வருவது என் வாய்க்கொழுப்பு.

2

முதல் தொடக்கம்: "கல்வராயன் மலை முகடுகளின் மேல் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த அந்த இனிய காலையில், கரியாலூர் செல்லும் பேருந்தின் ஜன்னலோரத்தில் லிடியா..."

[அண்ணா, நான் மலைக்கே போகல.]

சரி. இரண்டாவது தொடக்கம்: "பண்புசார் ஆய்வுமுறை எண்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எத்தனை பேர் என்று அது எண்ணாது. எப்படி இருக்கிறது என்று கேட்கும். மனிதர்கள் தம் அனுபவத்துக்குத் தாமே கொடுக்கும் பொருளை..."

[இது என்னோட ரெண்டாவது அத்தியாயம். எனக்கே தூக்கம் வருது.]

மூன்றாவது தொடக்கம் எதுவும் கைவசம் இல்லாததால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சி என்றாலே கேமராவும் கையுமாக மலைக்கு ஏறுவதுதான் வழக்கம். லிடியாவின் நெறியாளர் ஜெயப்பிரகாஷ் சாரும் அதையேதான் சொன்னார். மலையடிவாரத்தில் இருந்துகொண்டு மலைக்குப் போகாமல் என்னம்மா ஆராய்ச்சி என்றார். "மலைக்காரங்ககிட்ட கேட்டுக் கேட்டு அவங்களுக்கே அலுத்துப்போச்சு சார்" என்றாள் லிடியா. கரியாலூர் பேருந்தில் ஏறுவாள். ஆனால் வண்டி மேலே ஏறத் தொடங்குவதற்கு முன்பே, மக்காச்சோளமும் குச்சிக்கிழங்கும் விளைகிற ஓர் ஊரில் இறங்கிவிடுவாள். நடத்துநருக்கு அவள்மேல் ஒரு சந்தேகம் உண்டு.

அவள் எடுத்த தலைப்பு இதுதான்: ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிறவர்களின் அனுபவம். எல்லாரும் பேச்சைப் பற்றி ஆராயும்போது இவள் பேசாமையைப் பிடித்துக்கொண்டாள். ஆள் பஞ்சமே இல்லை. நம் ஊர்களில் எந்தத் தெருவில் நின்று கல்லை விட்டெறிந்தாலும் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு வீட்டில்தான் விழும்.

ஆராய்ச்சி தொடங்குமுன் ஆய்வாளர் தன் சொந்த அனுபவத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு ஓரமாக வைத்துவிட வேண்டும் என்பது விதி. அப்போதுதான் மற்றவர் சொல்வது அப்படியே காதில் விழுமாம். லிடியாவும் போட்டுவைத்திருக்கிறாள். (அவளுடைய அப்பா பிலிப்பும் சித்தப்பா எட்வினும் பேசுவதில்லை. சர்ச்சில் ஞாயிறு பூசையின்போது, பக்கத்திலிருப்பவரைக் கும்பிட்டுச் சமாதானம் தெரிவிக்கும் நேரத்தில் பிலிப்பு வலப்பக்கம் கும்பிடுவார், இடப்பக்கம் கும்பிடுவார், பின்னால் திரும்பிக் கும்பிடுவார். எட்வின் உட்காருவது முன்வரிசையில். அவர் திரும்புவதே இல்லை.)

[இத எடுத்துடுங்க.]

[சரி, இருக்கட்டும்.]

3

இப்போது அந்த வீடு. ஓட்டு வீடு. ஆதிமூலம், வீரமணி என்று அண்ணன் தம்பி இருவர். பாகம் பிரித்தபோது நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பினார்கள். செங்கல் போதாமல் சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது. மேலே கூரை பொது. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

அண்ணன் தம்பிக்குள் எந்தச் சண்டையும் இல்லை. பேசாதவர்கள் அவர்களுடைய மனைவிமார்: மூத்தவள் கொளஞ்சியம்மாள், இளையவள் ஜெயம்மாள். ஓரகத்திகள். ஆண்கள் இருவரும் டீக்கடையில் தோளில் கைபோட்டுப் பேசிவிட்டு, தெருமுனையில் பிரிந்து, திருடர்கள்போல ஆளுக்கொரு வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைவார்கள்.

பேச்சு இல்லையே தவிர, தகவல் தொடர்புக்குக் குறைச்சல் இல்லை. அதற்கு ஜெயம்மாளின் ஆடு இருந்தது. லிடியா நேரில் கேட்டது:

"ஏ ஆடே," இது கொளஞ்சியம்மாள், "நெல்லு காயப் போட்டிருக்கன்னு தெரியுதில்ல? உன்ன வளக்கறவங்களுக்குத்தான் கண்ணு தெரியல, உனக்குமா தெரியல?"

"இங்க வா நீ," இது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெயம்மாள், "நடுத்தெருவுல நெல்லக் காயப் போட்டுக்கினு நாயம் பேசறவங்ககிட்ட உனக்கு இன்னா வேல?"

ஆடு இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு நெல்லைத் தின்னும். லிடியா தன் விளக்கப்படத்தில் ஆட்டை 'ஊடகம்' என்ற தலைப்பின் கீழ் போட்டாள். ஆட்டிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கினாயா என்று ஜெயப்பிரகாஷ் சார் கேட்டார். அவர் அவ்வளவு சிரித்து அவள் பார்த்ததில்லை.

4

ஏன் பேச்சு நின்றது? இந்த இடத்தில் எழுத்தாளனாக எனக்குக் கை அரித்தது. நான் முதலில் எழுதிப் பார்த்த காரணம் வரப்புத் தகராறு. [எல்லாரும் அதத்தான் எழுதுவாங்க.] அடுத்து, காணாமல்போன ஒரு மூக்குத்தி. அதை லிடியா அடிக்கவே இல்லை. என்னைப் பார்த்தாள், நானே அடித்துவிட்டேன்.

உண்மையான காரணத்தை இருவரும் தனித்தனியே அவளிடம் சொல்லியிருந்தார்கள். வீட்டில் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும் என்பதால் லிடியா பேட்டியைக் கொல்லைக்காட்டில் வைத்துக்கொண்டாள்: கொளஞ்சியம்மாளுடன் மக்காச்சோளத்துக்கு நடுவில், ஜெயம்மாளுடன் குச்சிக்கிழங்குக்கு நடுவில். முழு நிலவரத்தையும் இரண்டு பாதியாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

சில வருஷங்களுக்கு முன் திருக்கோவிலூரில் ஜெயம்மாளின் அம்மா இறந்துபோனார். போன் வந்தது. ஜெயம்மாள் தலைவிரி கோலமாக ஓடினாள். வீரமணி அண்ணனுக்குச் சொல்ல, ஆதிமூலம் வயலிலிருந்தே தம்பியின் வண்டியில் ஏறிப் போய்விட்டார். கொளஞ்சியம்மாள் அன்று கச்சிராயபாளையம் சந்தைக்குப் போயிருந்தாள். அவளுக்கு அண்ணன் சொல்லியிருப்பார் என்று தம்பி நினைத்தார்; ஜெயம்மாள் சொல்லியிருப்பாள் என்று அண்ணன் நினைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குத் தனியாகச் சேதி போக வேண்டுமா என்று ஜெயம்மாள் நினைக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் சேதி போனது, அடுத்த அடுப்படிக்குப் போகவில்லை.

சாவுக்கு யாரும் அழைப்பு வைக்க மாட்டார்கள். ஆனால் சேதி சொல்ல வேண்டும். சேதி சொல்லாத சாவுக்குப் போனால் போனவளுக்கு மரியாதை இல்லை. வந்து துக்கம் கேட்காதவளோடு பேசினால் செத்தவளுக்கு மரியாதை இல்லை. ஒருத்தி சேதிக்குக் காத்திருந்தாள், இன்னொருத்தி துக்கம் கேட்க வருவாள் என்று காத்திருந்தாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் விட்டுக்கொடுக்க யாருக்கும் வழி இல்லாமல் போயிற்று. தப்பு யார் பேரிலாவது இருந்திருந்தால் ஆறு மாதத்தில் தீர்ந்திருக்கும்.

5

இங்கே ஐந்தாம் பகுதி இருந்தது. கொளஞ்சியம்மாளின் இளமைக்காலம், மாட்டுவண்டி, கிணற்றடி என்று நன்றாகத்தான் வந்திருந்தது. [அவங்க இதெல்லாம் சொல்லவே இல்ல. நீங்களா விட்டது.] எடுத்துவிட்டேன். எனக்கு வருத்தம்தான்.

6

கொளஞ்சியம்மாளின் மகன் பிரவீன்குமாருக்குக் கல்யாணம். நாளை, வெள்ளிக்கிழமை காலை பந்தக்கால் நடுகிறார்கள். ஊர் வழக்கம் இது: பந்தக்கால் நட்ட வீட்டுக்காரர்கள் துக்கம் கேட்கப் போகக் கூடாது. கேட்காத துக்கம் நடுவில் இருக்கும்வரை ஜெயம்மாள் அந்தப் பந்தலுக்குள் காலை வைக்க முடியாது. தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதால் கேட்க வேண்டியதுதான். கல்யாணமும் முடிந்துவிட்டால் அப்புறம் சாகும்வரைக்கும் பேச்சு கிடையாது. அது ஊருக்கே தெரியும்.

ஆக, இன்று பொழுது சாய்வதற்குள் கொளஞ்சியம்மாள் எட்டு வைத்து அந்த வாசலுக்குப் போய்த் துக்கம் கேட்டாக வேண்டும். கேட்கத்தான் அவளுக்கு ஆசை என்று லிடியாவுக்குத் தெரியும். வந்தால் ஜெயம்மாள் தடுக்க மாட்டாள் என்றும் தெரியும். தெரிந்து என்ன பண்ண? சொன்னதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

பெண்கள் இருவரும் சும்மா இருக்கவில்லை. "எம்பேச்ச எடுத்தாளா?" என்பாள் கொளஞ்சியம்மாள். "நான் கேட்டேன்னு சொல்லாத. சும்மா கேக்கறன்." ஜெயம்மாளோ ஒலிப்பதிவுக் கருவியை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கும் ரோஷம் இருக்குதுன்னு இதுல ஏறிடுச்சா பாரு" என்பாள். ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் சொல்லலாமா என்று லிடியா போன வாரம் நெறியாளரைக் கேட்டாள். "நீ தபால்காரி இல்லையம்மா. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் காதில் போட்டால், அதற்குப் பிறகு உன்னிடம் யார் மனசு விட்டுப் பேசுவார்கள்? அந்த இரண்டு பேட்டியையும் ஆய்வேட்டிலிருந்து தூக்கிவிட வேண்டியதுதான்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். இந்தக் கதையில் எல்லாருக்கும் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை.

7

பேட்டியை எழுத்தில் ஏற்றிய பிறகு, அதைப் பேசியவரிடமே எடுத்துப் போய்ச் சரிபார்க்க வேண்டும். நான் சொன்னது இதுதானா, விட்டுப்போனது உண்டா, எடுக்க வேண்டியது உண்டா என்று அவரே சொல்ல வேண்டும். இது முறை. லிடியா இன்று அதற்குத்தான் போனாள். வழக்கம்போலக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். "கல்யாண வேல தலைக்கு மேல கெடக்குது, கொல்லைக்கு எங்க வர்றது? இங்கியே குந்திப் படி" என்றாள் கொளஞ்சியம்மாள். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்க வராது. லிடியா குறுக்குச் சுவரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தாளை விரித்து, மெதுவாகத் தொடங்கினாள்.

"இன்னாம்மா கொசு கத்தற மாதிரி படிக்கற? கொஞ்சம் சத்தமாப் படிம்மா. எனக்குக் காது மந்தம்."

[அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், எங்கியோ மோட்டார் ஓடற சத்தத்தக் கேட்டுட்டு, 'தோ, கரெண்ட் வந்துடுச்சு'ன்னாங்க. எனக்குக்கூட அது கேக்கல.]

இந்த இடத்தில் லிடியாவின் மனசில் என்ன ஓடியது? நான் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ. பாவம், அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. வயசான அம்மா கேட்கிறாளே என்று சத்தத்தைக் கூட்டினாள். [நான் அவ்ளோ மக்கா?]

ஆ. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேசியவள் தன் பேச்சைத் தன் வீட்டில் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பது பேசியவளின் உரிமை என்று மனசுக்குள் ஒரு விதியைச் செய்துகொண்டு, வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள். [            ]

இந்தக் கதையில் அவள் காலியாக விட்ட அடைப்பு அது ஒன்றுதான். நானும் அதைத் தொடவில்லை.

அவள் படித்தாள். "சந்தையிலருந்து வந்தா வூடு பூட்டிக் கெடக்குது. டீக்கடையில சொல்றாங்க, உன் ஓரகத்தியோட அம்மா செத்துட்டாங்களாமேன்னு. எனக்கு ஒரு வாய்ச் சேதி இல்ல. நான் இன்னா மூணாம் மனுஷியா? அப்பவும் பொடவைய மாத்திக்கினு பஸ்ஸு ஏறப் போய்ட்டேன். ஏறப் போன காலு ஏறல. சேதி சொல்லாத சாவுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது? அந்தம்மா கையால எத்தினி வாட்டி சோறு தின்னிருக்கேன். திரும்பி வந்து கதவச் சாத்திக்கினு நான் மட்டும் அழுதேன்."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது எப்போது நின்றது என்று லிடியா கவனிக்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அங்கே சத்தமே இல்லை. கொளஞ்சியம்மாள் புடைத்த உளுந்தையே மறுபடி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது," என்றாள். "ஒண்ணும் எடுக்காத."

அப்போது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏ ஆடே, பாத்தியா? நானுந்தான் அந்தப் பொண்ணுகிட்ட பேசிக் குடுத்தேன். எனக்கும் படிச்சிக் காட்டணும்னு அதுக்குத் தோணுதா பாரு."

ஆடு அப்போது வீட்டிலேயே இல்லை. லிடியா வரும்போது தெருக்கோடியில் சுவரொட்டி தின்றுகொண்டிருந்தது. [இத எடுத்துடாதீங்க. இது உண்மை.]

லிடியா தெரு வழியாகச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். ஜெயம்மாள் பாயை விரித்துப் போட்டாள், சுவரை ஒட்டி. லிடியா இரண்டாவது தாளை எடுத்தாள். இம்முறை யாரும் சத்தமாகப் படிக்கச் சொல்லவில்லை.

"சுவத்துக்கு அந்தாண்ட இருக்கறவளுக்கு ஆள் வெச்சா சேதி சொல்லுவாங்க? வந்திருவான்னு இருந்தேன். எங்கம்மாவக் கெடத்தியிருந்த எடத்துலருந்து வாசலையே பாத்துக்கினு இருந்தேன். யாரு வந்தாலும் அக்காவான்னு பாத்தேன். தூக்கற வரைக்கும் பாத்தேன். எனக்கு அழுகையே வரல. அக்கா வந்து கட்டிப் புடிச்சா அழலாம்னு வெச்சிருந்தேன். இன்னி வரைக்கும் எங்கம்மாவுக்கு நான் அழல."

லிடியா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆய்வாளர் அழக் கூடாது என்று எந்தப் பாடத்திலும் இல்லை, ஆனால் அழலாம் என்றும் இல்லை. மறுபக்கம் முறம் கீழே விழுந்தது. உளுந்து சிதறி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு. பிறகு தெருவில் காலடி. ஜெயம்மாளின் வாசற்படியில் கொளஞ்சியம்மாள் வந்து நின்றாள். கொண்டையை அவிழ்த்து முடியைத் தோளில் விட்டிருந்தாள். எங்கள் பக்கம் துக்கம் கேட்க வருகிறவள் அப்படித்தான் வருவாள்.

ஜெயம்மாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

லிடியா ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினாள். பையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்றவளை உரசாமல் ஒதுங்கி, வெளியே நடந்துவிட்டாள்.

8

"ஏன் வந்துட்ட?" என்று நான் கத்தியே விட்டேன். "அதுக்குத்தான இத்தினி நாளா பஸ் ஏறிக்கினு போன?"

[நான் அங்க இருந்தா எனக்காக அழுவாங்க. இல்லன்னா எனக்காக அழாம இருப்பாங்க. ரெண்டும் வேணாம்.]

நெறியாளர் சற்றுமுன் அவளைப் போனில் அழைத்தார். என் கடையிலேயே பேசினாள். அவர் குரல் எனக்கே கேட்டது: "வாழ்நாளுக்கும் கிடைக்காத காட்சியம்மா. அதை விட்டுவிட்டு பஸ் ஏறினாயா?" லிடியா "ஆமா சார்" என்றாள். "அந்த ரெண்டு பேட்டியும் போயிற்று, தெரியும்தானே?" என்றார். "தெரியும் சார்" என்றாள். பிறகு, "நாளைக்குப் பந்தக்காலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா. பேனா எடுத்துக்கொண்டு போகாதே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

9

இனி முடிவு. லிடியா பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். அங்கே மூட்டையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். ஊருக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் எழுந்தது. சாவு வீட்டில் எழுகிற அதே அழுகை, ராகம் போட்டு, பெயர் சொல்லி.

"யாரு வூட்லம்மா சாவு?" என்றார் அந்த அம்மா பதறிப்போய். "நாளைக்கு பந்தக்காலுன்னு இல்ல சொன்னாங்க?"

"பழைய சாவுங்க," என்றாள் லிடியா. "இன்னிக்குத்தான் சேதி வந்துது."

அதற்குள் மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது.

"ஒரு குரலா, ரெண்டு குரலா?" என்று கேட்டேன்.

[தெரியல அண்ணா. ஹாரன்.]

இரண்டையும் எழுதிக் காட்டினேன். ஒரு குரல் என்றால், பெரியவள் வாசலில் நின்று தனியாக அழுதுவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டு திரும்பிப் போகிறாள். நாளைக்குப் பந்தலில் ஓர் இடம் காலி. இரண்டு குரல் என்றால் எல்லாம் சரியாகிவிட்டது. லிடியா இரண்டையும் படித்தாள், இரண்டையும் அடித்தாள். அப்புறம் தியாகதுருகம் வண்டி வந்துவிட்டது என்று எழுந்து, கதையை விட்டே போய்விட்டாள். படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.

எனக்கு இரண்டு குரல் வேண்டும். எழுதும்போது கை அந்தப் பக்கமே போகிறது. ஆனால் எனக்கு வேண்டும் என்பது தரவு ஆகாது என்று அவள் என்னைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாள். நாளை பொழுது விடிந்தால் தெரிந்துவிடும், அதற்குள் நான் கடையைச் சாத்த வேண்டும்.

ஆகவே நீங்கள் போய் அந்த நிறுத்தத்தில் நில்லுங்கள். ஓட்டுநரிடம் சொல்லி ஹாரனை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். பெரியவளின் குரல் நன்றாகவே கேட்கிறது, வாசலிலிருந்து வருகிறது. அதற்கும் உள்ளே, சுவரோரப் பாயில், இத்தனை வருஷமாகத் தன் அம்மாவுக்கு அழாத ஒருத்தி இருக்கிறாள். நன்றாகக் கேளுங்கள். அவளும் அழுகிறாளா?